காப்பித் தோட்டத்து மரப்பட்டையில என்ன முளைக்குது?

வணக்கம் அக்கா. தாண்டிக்குடி பக்கம் எங்க காப்பித் தோட்டத்துல நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக் பட்டையில மழை விட்டதும் கருப்பா புள்ளி புள்ளியா வருது, லென்ஸ் வெச்சு பாத்தா ஒவ்வொண்ணுக்கும் காம்பு இருக்கு. மருந்துக் கடைக்காரர் பூசணம்னு சொல்லி போர்டோ கலவை அடிக்கச் சொல்றாரு. காலேஜ் படிக்கிற தங்கச்சி, இது ஸ்லைம் மோல்ட், பூஞ்சையே இல்லங்கிறா. ஆனா அவகிட்ட இருக்கிற பழைய புக்ல பூஞ்சை பாடத்துலதான் போட்டிருக்கு. எது சரி?
– ஒரு வாசகர், தாண்டிக்குடி

தம்பி, மொதல்ல ஸ்ப்ரேயர கீழ வைங்க. ஸ்லைம் மோல்டா இருந்தா காப்பிக்கும் சரி சில்வர் ஓக்குக்கும் சரி ஒரு கெடுதலும் இல்ல. பூஞ்சை நூல் நூலா ஓடி, வெளியவே கரைச்சு உறிஞ்சிக்கும், இது பட்டை ஈரத்துல இருக்கிற பாக்டீரியாவ சுத்தி வளைச்சு முழுங்குற ஜாதி. அமீபா மாதிரின்னு சொல்ல வந்தேன், மாதிரி என்ன, அமீபா வகையறாவேதான், இன்னைய வகைப்பாட்டுல அமீபோசோவாவுக்குள்ளதான் இருக்கு.

அப்புறம் ஏன் பூஞ்சை பாடத்துல? கண்ணுல படுறது காம்பும், தலைக்குள்ள தூளா இருக்கிற வித்தும்தானே, காய வெச்சா வருஷக்கணக்கா கெடாது, அதனால தாவரவியல்காரங்க கையிலயே தங்கிடுச்சு. அந்த வித்துலேர்ந்து நீந்துற, ஊர்ற செல்லு வர்றதயெல்லாம் பாத்துட்டு அன்டன் டி பேரிங்கிற ஜெர்மன் தாவரவியல்காரர் 1859லயே இது விலங்கு பக்கம்னு மைசெட்டோசோவா, அதாவது பூஞ்சை விலங்குன்னு பேர் வெச்சாரு, யாரு கேட்டா? கூத்து என்னன்னா இன்னைக்கும் புது இனத்துக்குப் பேர் வைக்கணும்னா பாசி, பூஞ்சை, தாவரத்துக்கான விதிப்படிதான் வைக்கணும். குடித்தனம் ஒரு ஊர்ல, ரேஷன் கார்டு இன்னொரு ஊர்ல.

ஸ்லைம் மோல்ட்லயே பைசாரம்னு ஒரு மஞ்ச பெருசு உண்டு, ஊர் இருக்கிற இடத்துலயெல்லாம் ஓட்ஸ் வெச்சு அத டோக்கியோ ரயில் பாதை மாதிரி வலை போட வெச்சாங்க, 2010ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு, அதுக்குத்தான் எல்லா பேரும் புகழும். எனக்கென்னவோ பட்டையில இருக்கிற பொடிசுங்கதான் பிடிக்கும். எக்கினோஸ்டீலியம் மினூட்டம்னு ஒண்ணு, மொத்த உயரமே அரை மில்லிமீட்டருக்கு பக்கம்தான். பெருசுங்க மாதிரி நரம்பு வலையெல்லாம் போடாது, கண்ணுக்கே தெரியாத ஒரு துளியா பட்டை வெடிப்புல மேஞ்சிட்டு கடைசில அந்தத் துளியே எழும்பி ஒரே ஒரு காம்பு, ஒரே ஒரு தலைன்னு ஆயிடும். லிசியான்னு இன்னொரு கூட்டம், பலதுக்கு காம்பே இருக்காது, சிலது மூடி போட்ட டப்பா மாதிரி திறக்கும்.

உங்களது எதுன்னு போட்டோல சொல்ல முடியாது. இன்னொண்ணு, காம்பும் கருப்புத் தலையுமா அச்சு அசலா இதே மாதிரி லைக்கனும் (பூஞ்சையும் பாசியும் சேந்து வாழ்றது) உண்டு. அது கோடையிலயும் அதே இடத்துல நிக்கும், மழைக்கு வந்து சீக்கிரமே உதிர்றது அனேகமா ஸ்லைம் மோல்ட்தான்.

வளத்துப் பாத்துடுங்க. உயிரோட இருக்கிற மரத்து மேல்பட்டையில கொஞ்சம் சில்லு எடுத்து, மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்துல டிஷ்யூ பேப்பர் மேல பரப்பி, கொதிக்க வெச்சு ஆறின தண்ணிய ஊத்தி ஒரு நாள் ஊற விட்டு, மிச்சத் தண்ணிய வடிச்சிட்டு நேர் வெயில் படாத ஜன்னலோரம் வெச்சுடுங்க. 1933ல கில்பர்ட், மார்ட்டின்னு ரெண்டு பேர் எழுதினதுலேர்ந்து எல்லாரும் செய்யறது இதுதான். சின்னது சில நாள்லயே எந்திரிக்கும், சிலது மாசக்கணக்குல இழுக்கும், அவசரப்பட்டு தூக்கிப் போட்ராதீங்க. வந்தத காய வெச்சு தீப்பெட்டிக்குள்ள பசை போட்டு ஒட்டி, மேல தேதியும் மரத்து பேரும் எழுதி வைங்க. ஒட்டாம போட்டா பெட்டி ஆடுறதுலயே தலையெல்லாம் ஒடிஞ்சிடும், அப்புறம் மைக்ராஸ்கோப்ல வெச்சாலும் பேர் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.