கதவுகூட இல்லாத லோட்டஸ் செவன் காரை இன்றும் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

எடைதான் காரணம். 1957-இல் இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கொண்டுவந்த கார் இது. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த ஒரு கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு, முன்னால் சின்ன எஞ்சின், அவ்வளவுதான். தொடக்கத்தில் பொருத்திய 1172 சிசி ஃபோர்டு எஞ்சினின் திறன் வெறும் 40 குதிரைத்திறன். ஆனால் கார் அரை டன்னுக்கும் குறைவு என்பதால் அதுவே தாராளமாகப் போதும். பிரேக், டயர், வளைவு எல்லாவற்றிலும் அந்த லேசு கைகொடுக்கும்.

அப்புறம் விலை. முழுக் காராக வாங்கினால் பிரிட்டனில் அப்போது கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொண்டால் அந்த வரி இல்லை. அதனால் பெரிய வசதி இல்லாதவர்களும் வார நாளில் வேலைக்கு ஓட்டி, ஞாயிற்றுக்கிழமை அதே காரில் பந்தயத்துக்குப் போனார்கள். எனக்கு இந்தக் காரில் மிகப் பிடித்த விஷயமே இதுதான்.

1973-இல் லோட்டஸ் இதைக் கைவிட, விற்பனையாளராக இருந்த கேட்டர்ஹாம் நிறுவனம் இதைத் தயாரிக்கும் உரிமையை வாங்கிக்கொண்டது. லோட்டஸ் கடைசியாகத் தயாரித்த, கண்ணாடி இழை உடல் கொண்ட நான்காம் வரிசையை (சீரிஸ் 4) ஓரங்கட்டிவிட்டு, பழைய மூன்றாம் வரிசை வடிவத்துக்கே திரும்பியது. நல்ல முடிவு. இன்றும் அதே வடிவம்தான்.

ஓட்டுநர் இருக்கை கிட்டத்தட்ட பின்சக்கரத்தை ஒட்டி, தரையோடு தரையாக இருக்கும். நீண்ட மூக்குக்கு இருபுறமும் முன்சக்கரங்கள் திரும்புவதும், மேடுபள்ளத்தில் ஏறி இறங்குவதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். கையைத் தொங்கவிட்டால் சாலை எட்டிவிடும் தூரம்தான்.