போர் விமான எஞ்சினில் எரிபொருள் பம்பியே ஏன் சூட்டுக்குக் காரணமாகிறது?

எஞ்சினின் மசகு எண்ணெயையும் மின்னணுக் கருவிகளையும் குளிர்விப்பது எரிபொருள்தான் என்றால், அதை அனுப்பும் பம்பி எப்படி வெப்பச் சிக்கலாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஹட்டனில் டீசல் பம்பி பழுதுபார்ப்பவன்; சிக்கலின் வேரை எங்கள் கராஜிலேயே தொட்டுப் பார்க்கலாம். கினிகத்தேனை ஏற்றத்தில் பாரம் இழுத்து வந்த கொமன் ரெயில் லொறியில் (உயர் அழுத்த டீசலை ஒரு பொதுக் குழாயில் தேக்கி எஞ்சினுக்குத் தெளிக்கும் வகை), டாங்கிக்குத் திரும்பும் குழாயைப் பிடித்தால் நன்றாகச் சுடும். எஞ்சினுக்குத் தேவைப்படாத டீசல் அழுத்தத்தை இழக்கும்போது, அந்த அழுத்தத்துக்காகச் செலவான வேலை முழுவதும் சூடாக மாறிவிடுகிறது.

பெரும்பாலான ஜெட் எஞ்சின்களின் பிரதான பம்பி பற்சக்கர வகையைச் சேர்ந்தது. அது எஞ்சினோடு பிணைந்து சுழல்வதால், தள்ளும் அளவை எஞ்சினின் வேகமே தீர்மானிக்கிறது, தேவை அல்ல. புறப்படும்போது வேண்டிய உச்ச அளவுக்கோ, தொடக்கத்தின் மந்தச் சுழற்சிக்கோ போதுமானதாக அதை வகுக்கிறார்கள். உயரே காற்று அடர்த்தி குறைந்து எரிபொருள் தேவை வெகுவாகச் சுருங்கினாலும் சுழல்வேகம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே மிகுதி அழுத்தத்தை இழந்து, சூடேறி, பம்பியின் உள்வாய்க்கே திருப்பப்படுகிறது.

கணக்கிட்டுப் பாருங்கள். 70 பார் அழுத்தம் ஏற்றினால், பம்பியின் சொந்த இழப்பைச் சேர்க்காமல், எரிபொருள் ஒரு சுற்றில் ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ்தான் சூடாகும். ஆனால் பத்தில் ஒரு பங்கு மட்டுமே எரிக்கப்பட்டால், மற்ற ஒன்பது பங்கும் திரும்பத் திரும்பச் சுற்ற, வெளியேறும் அந்த ஒரு பங்கே எல்லாச் சூட்டையும் சுமந்து, சுமார் 40 பாகை ஏறிவிடும். ஜேபி-8 போன்ற இராணுவ ஜெட் எரிபொருள் 160 பாகையைத் தாண்டினால், அதைத் தெளிக்கும் நொசில்களில் கரி படியத் தொடங்கும் என்பதால், எண்ணெயின் சூட்டை ஏற்கவேண்டிய இடத்தைப் பம்பியே தின்றுவிடுகிறது.

மிகுதியை டாங்கிக்கு அனுப்பலாம். ஆயினும் பயண இறுதியில் டாங்கி வற்றும்போது சூட்டை ஏற்க எரிபொருளே மிஞ்சாது. 2014 இல் அமெரிக்காவின் லூக் வான்படைத் தளத்தில், எப்-35 போர் விமானத்துக்கான எரிபொருள் வெயிலில் சூடேறாதிருக்கப் பவுசருக்கு வெள்ளைப் பூச்சு அடித்தார்கள் என்றால், ஒவ்வொரு பாகையும் எவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

ஆகவே குளிர்விப்பானைப் பெரிதாக்குவதைவிடத் தேவைக்கு மேல் தள்ளாத பம்பியே சரியான வழி என்பது என் உறுதியான எண்ணம். மின் மோட்டாரால் இயக்கினால் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றலாம். ஆனால் மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் தாமே சூடாகும். தள்ளும் அளவை மாற்றவல்ல தகட்டுப் பம்பியில் (சுவரில் உரசிச் சுழலும் தகடுகளால் தள்ளுவது) அந்தக் குறை இல்லை, தேய்மானம்தான் அச்சம். ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெய் இனத்தது, மசகுத்தன்மை குறைந்தது. மண்ணெண்ணெய் கலந்த டீசலால் கீறல் விழுந்த பம்பிகளைக் கழற்றிப் பார்த்தவன் என்ற முறையில், பற்சக்கரப் பம்பியை வடிவமைப்பாளர்கள் எளிதில் கைவிடாததன் காரணம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது.