அந்தக் காலத்து ஜப்பானியப் பாட்டுகள்: நம் வயதுக்கு எதைப் பாடலாம்? (கேள்வி பதில்)

'கயோக்யோகு' என்று ஜப்பானியர்கள் சொல்லும் 70, 80களின் பாட்டுகளைப் பற்றித்தான் இந்தக் கேள்விகள் எல்லாம். டோக்கியோ பக்கம் வந்து எனக்கு 19 வருடம் ஆகிறது. கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் 50 தாண்டிய பெண்கள், மாதத்துக்கு ஒரு முறையாவது அவர்களோடு கரோக்கி போய்விடுவேன். அங்கே கேட்டதும் பாடியதும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என்னோடு வேலை செய்யும் ஜப்பானியத் தோழிகளுக்கு 55 வயது இருக்கும். கரோக்கிக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு ஒரு பாட்டும் தெரியாது. எங்கே தொடங்குவது அக்கா?

முதலில் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் செய்கோவா, அகினாவா?" இருவரும் 80களின் பெரிய பாடகிகள். அதற்கப்புறம் அவர்களே அரை மணி நேரம் பேசுவார்கள்.

55 வயது என்றால் 1970 வாக்கில் பிறந்தவர்கள். டிபிஎஸ் தொலைக்காட்சியில் 'தி பெஸ்ட் டென்' என்று ஒரு பாட்டு நிகழ்ச்சி, 1978 முதல் 1989 வரை வியாழக்கிழமை தோறும் இரவு 9 மணிக்கு வரும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். நிகழ்ச்சியை நடத்தியவர்களில் ஒருவர் குரோயநாகி தெட்சுகோ, நம்மில் பலர் தமிழில் படித்த 'டோட்டோ சான்' எழுதினாரே, அவரேதான். மட்சுதா செய்கோ 1980இல் வந்தார், நகமோரி அகினா 1982இல் வந்தார். செய்கோ இனிப்பான குரல், அவர் மாதிரி முடி வெட்டிக்கொள்ளாத பள்ளிக்கூடப் பெண்ணே இல்லை என்று தோழிகள் சொல்வார்கள். அகினா கனமான குரல், கொஞ்சம் முறைப்பு. தொடர்ந்து இரண்டு வருடம், 1985, 86இல், ஜப்பான் ரெக்கார்ட் விருதின் முதல் பரிசு வாங்கியவர்.

அகினாவின் 'செகண்ட் லவ்' (1982) கற்றுக்கொள்ளுங்கள். மெதுவாகப் போகும், சொற்கள் நெருக்கியடிக்காது. அது கைவந்த பிறகு செய்கோவின் 'அகாய் ஸ்வீட் பீ' (1982). இதற்கு இசையமைத்தவர் பெயர் குரேதா கருஹோ என்று போட்டிருக்கும், யாரோ புதியவர் என்று நினைத்துவிடாதீர்கள், பிரபல பாடகி மட்சுதோயா யூமிதான் அந்தப் புனைபெயரில் எழுதினார். கிரேட்டா கார்போ என்ற நடிகையின் பெயரை, அந்த ஒலிக்கு ஏற்ற ஜப்பானிய எழுத்துகளில் ஒரு ஜப்பானியப் பெயர் போல எழுதியது அது.

கேள்வி: செய்கோ பாட்டுக்குக் குரல் எட்டவே மாட்டேன் என்கிறது. விட்டுவிடவா?

விடாதீர்கள். சுருதியை இறக்குங்கள். கையில் கொடுக்கும் தொடுதிரைக் கருவியில் சுருதி ஏற்ற இறக்க ஒரு பொத்தான் இருக்கும், ஒரு முறை அழுத்தினால் ஏறக்குறைய நம் அரைக் கட்டை இறங்கும். செய்கோவுக்கு நான் 3 முறை அழுத்துவேன். 50 வயதில் குரல் தடிக்கத்தான் செய்யும், என் தோழிகள் எல்லாரும் இறக்கித்தான் பாடுகிறார்கள், யாரும் அதைக் குறைவாக நினைப்பதில்லை.

இறக்கவே வேண்டாம் என்றால் யமகுச்சி மொமோயே, தெரேசா டெங் என்ற இரண்டு பாடகிகளிடம் போய்விடுங்கள். தெரேசா டெங் தைவான்காரர், ஆனால் 1984இல் 'ட்சுகுனாய்', 86இல் 'தோகி நோ நகரே நி மி ஓ மகசே' என்று ஜப்பானிய மொழியில் பாடியவை இன்றைக்கும் இங்கே ஒலிக்கின்றன. தாய்மொழியாக இல்லாத ஒருவர் ஒவ்வொரு சொல்லையும் இவ்வளவு பொறுமையாக வைக்கிறார் என்பதாலேயே, நம்மைப் போலக் கற்றுப் பாடுகிறவர்களுக்கு அவரைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

கேள்வி: திரையில் ஓடும் கான்ஜி (ஜப்பானியர் எழுதும் சீன எழுத்து) படிக்க வராது. தமிழில் எழுதி வைத்துப் பாடலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் இதற்குத் தமிழ் எழுத்து ரொம்பப் பொருத்தம். ஜப்பானிய மொழியில் அ இ உ எ ஒ என்று ஐந்து உயிர், அவற்றுக்கு நெடில். எ ஏ, ஒ ஓ என்று நாம் குறில் நெடில் பிரித்து எழுதுவது அப்படியே உதவும். 'கிட்டே', 'மட்டே' என்று இரட்டிக்கும் இடமும் நமக்குப் பழக்கம்தான். க, த, ப மூன்றுக்கும் வல்லொலி மெல்லொலி தெரிய மட்டும் அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இடறும் இடம் ஒன்று உண்டு. நமக்கு மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. அவர்களுடைய 'ன்' முழு மாத்திரை. ஆப்பிளுக்கு 'ரிங்கோ' என்பார்கள், நாம் அதை ரிங்-கோ என்று இரண்டு தட்டில் முடித்துவிடுவோம், அவர்கள் ரி, ன், கோ என்று மூன்று தட்டு எண்ணுவார்கள். பழைய பாட்டுகளில் பெரும்பாலும் அந்த 'ன்'னுக்கே தனியாக ஒரு ஸ்வரம் இருக்கும். பாட்டு நம்மை விட்டு முன்னால் ஓடுகிறதா பின்னால் நிற்கிறதா என்று தெரியாமல் தடுமாறினால், அங்கேதான் போய்ப் பாருங்கள். நான் எழுதிய தாளில் 'ன்' வரும் இடமெல்லாம் சிவப்பு வட்டம் போட்டிருப்பேன்.

கேள்வி: 'காஸ்மாஸ்' என்று ஒரு பாட்டு, என் தோழி பாடும்போது பாதியில் அழுதுவிட்டார். என்ன பாட்டு அது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1977இல் சதா மசாஷி எழுதி இசையமைத்து, யமகுச்சி மொமோயே பாடியது. மொமோயேவுக்கு அப்போது 18 வயது. மறுநாள் கல்யாணம் ஆகிப் போகப்போகும் பெண் சாமான் கட்டிக்கொண்டிருக்கிறாள். சமீபமாக எதற்கும் கண் கலங்கிவிடும் அம்மா, முற்றத்தில் ஒரு முறை இருமுகிறாள், வெயில் விழும் தாழ்வாரத்தில் பழைய ஆல்பத்தைப் புரட்டி, சொன்ன கதையையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். முற்றத்தில் காஸ்மாஸ் பூ ஆடுகிறது. இன்னும் கொஞ்ச நேரம் உன் பிள்ளையாக இருக்க விடு என்று மகள் மனதுக்குள் கேட்கிறாள். அவ்வளவுதான் பாட்டு.

எங்கள் கூட்டத்தில் 58 வயதுத் தோழி ஒருவர், மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் இதைப் பாடினார். சின்ன வயதில் பாடும்போதெல்லாம் தான் அந்த மகளாகவே இருந்ததாகவும், அன்றைக்குத்தான் இருமுகிற அம்மா தானே என்று தெரிந்ததாகவும் சொன்னார். இரண்டாவது சரணத்தில் குரல் நின்றுவிட்டது. இசை மட்டும் ஓடியது, திரையில் எழுத்து ஒவ்வொன்றாக நிறம் மாறிக்கொண்டே போனது, யாரும் பொத்தானைத் தொடவில்லை. கடைசி வரிக்கு அவரே வந்து சேர்ந்துகொண்டார்.

மொமோயே 1980 அக்டோபரில், 21 வயதில், கல்யாணத்துக்காகப் பாடுவதையே நிறுத்தினார். புடோகான் மேடையில் மைக்கைத் தரையில் வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. அதனால் அவர் குரல் மட்டும் வயதாகாமல் அங்கேயே நிற்கிறது, பாடுகிற நாம்தான் மகளிலிருந்து அம்மாவுக்கு வந்து சேர்கிறோம். உங்கள் தோழி அழுதால் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வையுங்கள், போதும்.

கேள்வி: தனியாகப் பாடக் கூச்சம். இரண்டு பேர் சேர்ந்து பாட ஏதாவது?

ஓதா ஹிரோமியின் 'மோமென் நோ ஹான்கச்சீஃப்' (1975). நகரத்துக்கு வேலைக்குப் போன பையன் ஒரு பகுதி, ஊரிலேயே காத்திருக்கும் பெண் ஒரு பகுதி என்று கடிதம் போல மாறி மாறி வரும். அவன் பரிசு அனுப்புகிறேன் என்பான், அவள் எதுவும் வேண்டாம் என்பாள், கடைசியில் கண்ணீர் துடைக்க ஒரு பருத்திக் கைக்குட்டை மட்டும் கேட்பாள். மெட்டு துள்ளலாக இருக்கும், கதை அப்படி இல்லை. ஒருவர் அவன், ஒருவர் அவள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆட்டமும் வேண்டும் என்றால் பிங்க் லேடியின் 'யுஎஃப்ஓ' (1977). தலைக்குப் பின்னாலிருந்து கையை உயர்த்தும் அந்த முதல் அசைவுக்கே அறையில் எல்லாரும் எழுந்துவிடுவார்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 80 வயது. அவருக்குப் பிடித்த மாதிரி?

சகமோதோ க்யூவின் 'உஎ ஓ முயிதே அருகோ' (1961). 1963இல் அமெரிக்காவில் 'சுகியாகி' என்ற பெயரில் முதலிடம் பிடித்தது. ஆனால் சுகியாகி என்பது ஒரு மாட்டிறைச்சிச் சமையல், பாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பாட்டியிடம் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள். கண்ணீர் கீழே விழாதபடி அண்ணாந்து பார்த்து நடப்போம் என்கிற பாட்டு அது. மிசோரா ஹிபாரியின் 'கவா நோ நகரே நோ யோ நி'யும் பாடலாம். அது வெளிவந்த 1989லேயே அவர் இறந்துபோனார்.

கேள்வி: என் மகள் 'மயோனகா நோ டோவா'தான் பாட வேண்டும் என்கிறாள்.

நல்ல ரசனை. மட்சுபரா மிகி 1979இல், 20 வயது நிறைவதற்குள் பாடிய முதல் பாட்டு. 2020இல் இணையம் வழியாக உலகம் முழுக்கப் பரவியது, அதைப் பார்க்க அவர் இல்லை, 2004லேயே போய்விட்டார். மகளோடு பாடுங்கள். தோழிகளோடு போகும்போது தகேஉச்சி மரியாவின் 'ஏகி' எடுத்தால் இன்னும் நெருக்கமாக இருக்கும். சாயங்கால ரயில் நிலையத்தில் பழைய காதலனைத் தூரத்தில் பார்த்துவிட்டுப் பேசாமலே போகும் பெண்ணின் பாட்டு.

கேள்வி: தெரியாமல் செய்து மாட்டிக்கொள்ளக்கூடிய தப்பு ஏதாவது?

ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் 'ஒஹாகோ' என்று ஒரு சொந்தப் பாட்டு இருக்கும். அதை அவருக்கு முன்னால் நீங்கள் போட்டுவிடக் கூடாது. முதல் தடவை போகும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: யார் முன்னாலும் பாடத் தைரியம் இல்லை. தனியாகப் போனால் விநோதமாகப் பார்ப்பார்களா?

மாட்டார்கள், தனியாகப் போவதற்கு 'ஹிதோரி கரோக்கி' என்று பெயரே உண்டு. முன்பு கரோக்கி என்றால் ஆண்கள் குடிக்கப் போகும் 'ஸ்னாக்' கடைகளில்தான். 1985இல் ஒகயாமாவில் ஒரு சரக்குப் பெட்டகத்தை அறையாக மாற்றி வாடகைக்கு விட்டார்கள், அப்படி வந்ததுதான் இந்தத் தனி அறை முறை. அதன்பிறகுதான் பள்ளிப் பிள்ளைகளும் வீட்டுப் பெண்களும் தயங்காமல் உள்ளே போக முடிந்தது. வார நாளில் மதியத்துக்கு முன்னால் போங்கள், வாடகையும் குறைவு. பக்கத்து அறையில் யாராவது ஒருவர் தனியாக மொமோயே பாடிக்கொண்டிருப்பது சுவர் வழியாகக் கேட்கும்.