படி இறங்க அஞ்சுபவருக்கு: காகல் பெச், பிறகு காரகோல்

வணக்கம். மெக்சிகோவின் சிச்சேன் இட்சாவில் கயிறு கட்டி மறித்திருந்ததால் ஏற முடியவில்லை என்றும், பெலீஸ் நாட்டின் சான் இக்னாசியோவில் இரண்டு நாள் தங்கும்போது கூட்டமில்லாத பண்டைய மாயா நாகரிகக் கோயில் ஒன்றில் ஏற விரும்பினாலும் இறங்கும்போது தலைசுற்றுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். சிச்சேன் இட்சாவின் பெரிய பிரமிடில் 2006 முதலே ஏற அனுமதியில்லை. அதற்காக வருந்த வேண்டாம்.

முதல் நாள் ஊரை ஒட்டிய குன்றின் மேலுள்ள காகல் பெச் என்ற மாயா இடிபாடுகளுக்குச் செல்லுங்கள். சிறிய இடம்தான், ஆனாலும் மர நிழலில் முற்றங்களும் குறுகிய வழிகளும் அடுத்தடுத்து வருவதால், உயரத்துக்குக் கால்கள் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

மறுநாள் காரகோல் என்ற பண்டைய மாயா நகரம். அங்குள்ள கானா என்ற பிரமிடு ஏறத்தாழ 43 மீட்டர் உயரமுடையது. ஆயினும் ஒரே மூச்சில் ஏற வேண்டியதில்லை, ஏனெனில் நடுவில் அறைகள் வரிசையாக அமைந்த அகன்ற தளம் ஒன்று உண்டு, அங்கே அமர்ந்து இளைப்பாறலாம். உச்சியை அடைந்ததும், கீழிருந்து கண்ணுக்கே படாத ஒரு முற்றமும் அதைச் சூழ்ந்த மூன்று கோயில்களும் திடீரென விரியும். அந்தக் கணத்துக்காகவே நான் மீண்டும் செல்வேன்.

இறங்கும்போது நேராகக் கீழே பார்க்காமல், உடலைப் பக்கவாட்டில் திருப்பி, பாதம் முழுவதும் படியில் பதியுமாறு குறுக்காக இறங்குங்கள். படிகள் உயரமானவை, அகலம் குறைந்தவை. மழை பெய்திருந்தால் நிழலிலுள்ள சுண்ணாம்புக்கல்லில் பச்சைப் பாசி வழுக்கும். வெயில் பட்டு வெளுத்த கல்லிலேயே கால் வையுங்கள். குடிநீரை மறவாமல் கொண்டு செல்லுங்கள்.