வார்டுக்கு வரும் மாணவிகள்: ஒரு ஸ்டாஃப் நர்ஸின் பதில்கள்

கேள்வி: முதலாண்டு நர்சிங் மாணவி நான். எந்த சிஸ்டரிடம் போனாலும் "ஓரமா நில்லும்மா" என்கிறார்கள். எங்களைப் பிடிக்காதா?

பிடிக்கும். ஆனால் முந்தைய ஷிஃப்ட்டிடம் ஓவர் எடுத்து, அதாவது நோயாளிகளின் விவரம் கேட்டு வாங்கி முடிப்பதற்குள், டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிடும். மருந்து, புது அட்மிஷன், ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்ப வேண்டியவர் எல்லாம் அந்த ஒரே சிஸ்டர் தலையில். அப்போது ஒரு கட்டிலைச் சுற்றி இருபது பேர் நின்றால் என்ன செய்வார்? ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. கோபம் உங்கள் மேல் இல்லை, உங்களை விட்டுவிட்டுப் போன டியூட்டர் (காலேஜ் ஆசிரியை) மேல்தான். ரவுண்ட்ஸ் முடிந்ததும், "ஆறாம் பெட்டுக்கு பிபி நான் பார்க்கட்டுமா சிஸ்டர்?" என்று கேளுங்கள்.

கேள்வி: எதைச் செய்தால் ரொம்பக் கோபம் வரும்?

பார்க்காமல் எழுதினால். சில நாள் சார்ட்டில் வார்டு முழுக்க மூச்சு நிமிடத்துக்கு 20 என்றே இருக்கும். ஒரு தாத்தாவுக்கும் அப்படித்தான் இருந்தது. அடுத்த வேளைக்கு வந்த மாணவி அவர் நெஞ்சைப் பார்த்து முழு நிமிடம் எண்ணிவிட்டு, "34 சிஸ்டர்" என்று ஓடிவந்தாள். அன்றே அவரை ஐசியூவுக்கு மாற்றினோம். எடுக்கவில்லையென்றால் எடுக்கவில்லை என்று சொல்லுங்கள், திட்டமாட்டேன்.

கேள்வி: ஊசி போட எப்போது விடுவீர்கள்?

பக்கத்தில் ஸ்டாஃபோ டியூட்டரோ நின்றால். போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டாதீர்கள்.

கேள்வி: செய்து பழகிய வேலைகளைக் குறிக்கும் லாக்புக்கில் கையெழுத்து கேட்டால் ஏன் முறைக்கிறார்கள்?

நீங்கள் செய்ததைப் பார்த்திருந்தால் போடுவேன்.

கேள்வி: சிஸ்டர்கள் ஏன் எங்களை ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நான் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப். மாணவிகள் இல்லாவிட்டால் எங்கள் வார்டே ஓடாது. அவர்களும் வேலை பழகுகிறார்கள். இதில் என்ன தப்பு?

தப்புதான் சிஸ்டர். காலிப் பணியிடத்தை மாணவியை வைத்து நிரப்பினால், அங்கே ஸ்டாஃப் போடவே மாட்டார்கள். நஷ்டம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அதே சிஸ்டர்: நாமும் அப்படித்தானே கற்றோம்?

ஆமாம், பயந்து பயந்து கற்றோம். அந்தப் பயத்தை இந்தப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டுமா? படுக்கை விரிக்கட்டும், நோயாளிக்கு உடம்பு துடைத்து ஸ்பாஞ்ச் கொடுக்கட்டும், அதெல்லாம் பாடம்தான். தனியாக நைட் டியூட்டி பார்ப்பது பாடமில்லை. மருந்து மாறிப்போனால் விசாரணைக்கு நிற்கப்போவது நீங்கள்.

கேள்வி: மூடி மாட்டும்போது விரலில் ஊசி குத்திவிட்டது. சொன்னால் திட்டுவார்களோ?

திட்டினாலும் சொல்லுங்கள். விரலைப் பிழியாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, இன்சார்ஜ் சிஸ்டரிடம் இப்போதே போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்த நோயாளியின் கேஸ்ஷீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.