இன்சுலினின் ஓரிடத்தில் மட்டும் கொழுப்பமிலம் இணைவது எப்படி?

கேள்வி: என் அப்பா நீண்ட நேரம் செயற்படும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். அந்த வகை இன்சுலின் சிலவற்றில் கொழுப்பமிலம் ஒன்று இணைக்கப்பட்டிருப்பதாக எங்கள் இரசாயனவியல் ஆசிரியர் கூறினார். புரதத்தில் இணையக்கூடிய இடங்கள் பல இருக்கும்போது, அது ஓரிடத்தில் மட்டும் எப்படி இணைகிறது?
– உயர்தர மாணவி, ஹட்டன்

பதில்: இந்தத் துறையின் மையச் சிக்கலையே கேட்டுவிட்டீர்கள். இணைப்பது எளிது, வேண்டிய இடத்தில் மட்டும் இணைப்பதுதான் கடினம். உங்கள் ஊர்த் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை அரைக்கும்போதுகூட, அதிலுள்ள கற்றெக்கின்கள் என்ற சேர்வைகள் ஒட்சியேற்றமடைந்து குயினோன்களாகி, இலையின் புரதங்களில் கைக்கெட்டிய கந்தகத்தையும் நைதரசனையும் பற்றிக்கொள்கின்றன. அங்கே இடத்தேர்வு கிடையாது. மருந்தில் அது இல்லாமல் முடியாது.

இன்சுலின் டெடெமிர் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். 51 அமினோ அமிலங்களாலான மனித இன்சுலினில் பி சங்கிலியின் 30ஆவது அமினோ அமிலத்தை நீக்கி, 29ஆவதான லைசீனில் 14 காபன்களுடைய மிரிஸ்டிக் அமிலத்தைப் பொருத்தியிருக்கிறார்கள். அக்கொழுப்பு வால் குருதியிலுள்ள அல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்வதால், இன்சுலின் சிறிது சிறிதாகவே விடுபடுகிறது.

கொழுப்பமிலத்தை அப்படியே கலந்தால் உப்புதான் கிடைக்கும். ஆகவே முதலில் அதை, எளிதில் விலகும் கூட்டமொன்றைக் கொண்ட எசுத்தராக மாற்றுவார்கள். அமினோ கூட்டம் அதைத் தாக்கும்போது உறுதியான அமைட்டுப் பிணைப்பு உருவாகும். இன்சுலினில் அத்தகைய அமினோ கூட்டங்கள் மூன்று: இரு சங்கிலிகளின் தொடக்கத்தில் ஒவ்வொன்று, லைசீனில் ஒன்று. நடுநிலைக் கரைசலில் லைசீனின் கூட்டம் புரோத்தனை ஏற்று நேரேற்றம் பெற்றிருப்பதால், தாக்குவதற்கான தனிச்சோடி இலத்திரன்கள் அதனிடம் இல்லை. அப்போது முனைகளே முந்திக்கொள்ளும். பி.எச். பெறுமானத்தை 10க்கு மேல் உயர்த்தினால் லைசீனும் புரோத்தனை இழக்கிறது. அந்நிலையில் மூன்றும் விடுபட்டிருக்கின்றனவே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் மூன்றிலும் மூலவலிமை கூடியது லைசீனின் கூட்டம், அது நீண்ட பக்கச்சங்கிலியின் நுனியில் நெருக்கடியின்றியும் நிற்கிறது. எனவே அதுவே மிக விரைவாகத் தாக்குகிறது. தவறான இடத்தில் இணைந்த சிறு பங்கைப் பின்னர் நிறப்பதிவியல் முறையால் பிரித்தெடுப்பார்கள். காரத்தன்மை கூடும்போது நீரும் எசுத்தரை வேகமாகச் சிதைக்கும் என்பதால், இதில் நேரக் கணக்கும் முக்கியம்.

லைசீன்கள் ஏராளமாக உள்ள பிறபொருளெதிரிகள் (உடலின் எதிர்ப்புப் புரதங்கள்) போன்றவற்றில் இந்த உபாயம் பலிக்காது. 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் எம்டான்சின் என்ற புற்றுநோய் மருந்தில், ஒரு பிறபொருளெதிரிக்கு 3.5 மருந்து மூலக்கூறுகள் என்பது சராசரிக் கணக்குத்தான். ஒவ்வொன்றிலும் எண்ணிக்கையும் இடமும் வேறுபடும். அதனால்தான், உயிர்க்கலங்களில் இயல்பாகக் காணப்படாத அசைட்டுக் கூட்டத்தை (தொடராக இணைந்த மூன்று நைதரசன் அணுக்களை)ப் புரதத்தில் விரும்பிய இடத்தில் முன்கூட்டியே புகுத்திவிட்டு, அதனுடன் மட்டும் இணையும் அல்கைனை (காபன்களிடையே மும்மைப் பிணைப்புள்ள கூட்டத்தை) மருந்திலோ சாயத்திலோ வைக்கும் வழி உருவானது. 2002இல் ஷார்ப்லெஸ், மெல்டால் ஆகிய இரசாயனவியலாளர்களின் குழுக்கள் தனித்தனியே இத்தாக்கத்துக்குச் செம்பை ஊக்கியாகக் கண்டறிந்தன. செம்பு உயிர்க்கலங்களுக்கு நஞ்சாகும் என்பதால், பெர்டோசி என்ற இரசாயனவியலாளர் இறுக்கமான வளைய அல்கைனைக் கொண்டு செம்பின்றியே அதை நிகழ்த்திக் காட்டினார். 2022இன் இரசாயனவியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் கிடைத்தது.