ஸ்டேஷனில் தம்பி கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் கொலை வழக்கில் செல்லுமா?
செல்லாது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றத்துக்குச் சான்றாகக் காட்ட முடியாது. முன்பு சாட்சியச் சட்டம் பிரிவு 25, 2024 ஜூலையிலிருந்து பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 23. அடித்து வாங்கினார்கள் என்று நீங்கள் நிரூபிக்கக்கூடத் தேவையில்லை.

அப்படியும் குற்றப்பத்திரிகையில் அது இருப்பது பெரும்பாலும் கத்தி பறிமுதலுக்காகத்தான். "கத்தியைக் கிணற்றடியில் மறைத்தேன், எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லி, அதன்படி கத்தி கிடைத்திருந்தால் அந்தப் பகுதி மட்டும் ஏற்கப்படும். "அதால்தான் குத்தினேன்" என்பது ஏற்கப்படாது. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1946-ல் புலுக்குரி கோட்டய்யா வழக்கில் கொடுத்த தீர்ப்பு முதல் இதே நிலைதான்.

பறிமுதல் மகஜரை, அதாவது கத்தியை எடுத்தபோது சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதிய பதிவை, வரி வரியாகப் படியுங்கள். கைது நேரத்தோடு இடிக்கிறதா? சாட்சிகள் யார்? அந்த இடம் போலீசுக்கு முன்பே தெரியுமா? குறுக்கு விசாரணைக்கு இதெல்லாம் பெரிய பலம்.

மாஜிஸ்திரேட்டிடமும் வாக்குமூலம் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. பின்னால் மறுத்தாலும் அது தானாகச் செல்லாமல் போகாது. நீதிமன்றம் துணைச் சாட்சியம், அதாவது அதை உறுதிப்படுத்தும் வேறு சான்று, தேடும். அதை இன்றே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.